கோட்டுப் போட்ட சம்பந்தி

குளிர்காலத்தில் குளிராது என்று ஒருவன் சொன்னால் நான் முதலில் அவன் முகத்தைப் பார்ப்பேன். போனில் முகம் தெரியாது. அதனால் மகன் சொன்னதை நான் நம்பவில்லை.

"அப்பா, இங்க குளிரே கிடையாது. காத்துல ஈரம்தான், பிசுபிசுன்னு இருக்கும். மெல்லிசுச் சட்டையா நாலஞ்சு எடுத்து வைங்க. அந்தக் கம்பளிக் கோட்டு மட்டும் வேண்டாம். அப்புறம், துவைச்சுப் போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க. இங்க துணி காயாது."

"துணி காயாத ஊர் எங்கடா இருக்கு? அங்க மனுஷங்க எல்லாம் ஈரத்துணியோடவா அலையறாங்க?"

"வந்து பாருங்க" என்று வைத்துவிட்டான்.

எனக்கு விஷயம் புரிந்துபோயிற்று. ஈரமும் இல்லை, ஒன்றும் இல்லை. என் கோட்டைப் பார்த்தால் பெண் வீட்டார் சிரிப்பார்கள் என்று அவனுக்குப் பயம். நீலக் கம்பளிக் கோட்டு, பித்தளைப் பொத்தான். சரக்குக் கிடங்கின் வாசலில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க அதுதான் என் உடம்பில் இருந்தது. வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பது என் வேலை. முதலாளியின் மைத்துனன் பையையும் திறந்திருக்கிறேன். சும்மா திறக்கவில்லை. உள்ளே கிடங்குச் சரக்கு இருந்தது.

பெண்ணை மகனே பார்த்துவிட்டான். இருவருக்கும் ஒரே அலுவலகம். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இதற்கு முன் இரண்டு இடம் பேசி, இரண்டும் முறிந்தன. நான் கேள்வி கேட்டதால் முறிந்தன என்று வீட்டில் சொல்கிறார்கள். கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லாததால் முறிந்தன என்று நான் சொல்கிறேன். மகனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. "இதுவும் போச்சுன்னா இனிமே யாரையும் பாக்க வேண்டாம்மா. நான் இப்படியே இருந்துடறேன்" என்று சொல்லியிருக்கிறான். அதை என்னிடம் சொல்லும்போது என் மனைவி அழுதாள். நான் அழவில்லை. ஆனால் கேள்விகளைக் குறைத்து மூன்றாக்கிக்கொண்டேன். பெண் முதலில் பார்த்த வேலையை ஏன் விட்டாள்? குடியிருக்கும் வீடு யார் பேரில் இருக்கிறது? அவர்கள் வீட்டு மூத்த மருமகன், அனுப்பிய எந்தப் போட்டோவிலும் ஏன் இல்லை? இதற்கு மேல் ஒரு தகப்பனால் இறங்கி வர முடியாது.

பயணத்துக்கு என் கணக்கு எப்போதும் ஒன்றுதான். இரண்டு சட்டை, இரண்டு பனியன். ஒன்று உடம்பில், ஒன்று கயிற்றில். ராத்திரி அலசிப் போட்டால் எங்கள் ஊரில் காலையில் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். பை மடியில் அடங்க வேண்டும். ரயிலில் மேல்தட்டில் வைக்கிறவன் அதைத் திருடனுக்கு எடுக்க வாகாக வைக்கிறான் என்றுதான் அர்த்தம்.

கிளம்புகிற அன்று வாசலில் மனைவியை நிறுத்தினேன்.

"பையைத் திற."

"என்னங்க இது? நான் என்ன கிடங்குலேர்ந்தா வெளிய போறேன்?"

"பை வீங்கியிருக்கு. திற."

திறந்தாள். அவளுடைய துணிகளுக்கு அடியில் என் அரைக்கைச் சட்டைகள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. கிடங்கு ஆட்கள்கூட இவ்வளவு மோசமாக ஒளித்ததில்லை.

"இது என்ன?"

"புள்ள சொன்னான்ல, காயாதுன்னு."

"அவன் கோட்டும் வேண்டாம்னுதான் சொன்னான்."

"அதை மட்டும் எடுத்துக்கிட்டீங்களே!"

"வேண்டாம்னு சொன்னதாலதான் எடுத்துக்கிட்டேன்."

சட்டைகளை எடுத்துக் கட்டிலில் போட்டேன். அவள் பையை இழுத்து மூடினாள். "சரி. அங்க வந்து, சட்டை எங்க, பனியன் எங்கன்னு என் முன்னால நிக்கக்கூடாது. ஆமா."

ரயிலை விட்டு இறங்கியதும் யாரோ ஈரத்துண்டை எடுத்து முகத்தில் போட்டது போல இருந்தது. கோட்டுக்குள் முதுகில் ஒரு கோடு வழிந்தது. மழைக்கு முன்னால் இப்படித்தான் இருக்கும் என்றேன். மனைவி வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம்கூட இல்லை. என்னையும் ஒரு முறை பார்த்தாள்.

மகன் நண்பர்களோடு ஒரே அறையில் இருந்ததால் நாங்கள் லாட்ஜில் தங்கினோம். அறைச் சுவரைத் தொட்டால் கை நனைந்தது. தலையணை, யாரோ இப்போதுதான் எழுந்து போனது மாதிரி இருந்தது. தீக்குச்சியை உரசினால் மருந்து மாவாக உதிர்ந்தது. முதல் நாள் ராத்திரி சட்டையையும் பனியனையும் அலசி, ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் கயிறு கட்டிக் காயப் போட்டேன். மறுநாள் இரண்டாவது சட்டையோடு ஊர் சுற்றினேன். சாயங்காலம் வந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தால், போட்டபோது இருந்ததைவிட இன்னும் கொஞ்சம் நனைந்திருந்தது. இது நடக்கிற காரியமா? நான் நம்பவில்லை. காலைக்குள் காயத்தான் வேண்டும் என்று, உடம்பில் இருந்ததையும் அவிழ்த்து அலசிப் பக்கத்தில் போட்டேன்.

விடிந்ததும் பார்த்தேன். இரண்டு சட்டையும் இரண்டு பனியனும் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றும் காயவில்லை. மக்கிய வாடை வேறு.

கீழே போய் இஸ்திரிப் பெட்டி கேட்டேன். "ரூம்ல அதெல்லாம் அலவ்டு இல்ல பெரியவரே" என்றான் லாட்ஜ்காரன். கடை எதுவும் திறக்கவில்லை. மகன் டாக்சியோடு வாசலில் வந்து நின்று ஹாரன் அடிக்கச் சொன்னான். ஒரு சட்டையைப் பிழிந்து மாட்டிப் பார்த்தேன்.

"முதுகெலும்பு எண்ணலாம் போல இருக்கு" என்றாள் மனைவி. "இதோடவா போய் உட்காரப் போறீங்க?"

அவிழ்த்து எறிந்துவிட்டுக் கோட்டை எடுத்தேன். கழுத்துவரை பொத்தான் போட்டேன். கம்பளி, வெறும் தோலில் எறும்பு மாதிரி ஊர்ந்தது.

"உள்ள?" என்று கேட்டாள்.

"உள்ள என்ன? உள்ள நான்தான்."

பெண் வீடு மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. மேலே போய்ச் சேர்வதற்குள் நான் பாதி கரைந்திருந்தேன். பெண்ணின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அரைக்கைச் சட்டையில், முகத்தில் ஒரு துளி வேர்வை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அந்த ஊர்க்காரர் இல்லையா.

"கோட்டைக் கழட்டிட்டு வசதியா உட்காருங்களேன்."

"இருக்கட்டும்."

"புழுக்கமா இருக்கே?"

"எனக்குப் பழக்கம்."

அவர் என் பித்தளைப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். தன் சட்டையையும் பார்த்துக்கொண்டார். சட்டென்று எழுந்து உள்ளே போனார். பெட்டி திறக்கிற சத்தம். "அந்தக் கோட்டை எங்கடி வச்ச?" என்ற குரல். திரும்பி வந்தபோது பழுப்பு நிறக் கோட்டு ஒன்றைப் போட்டிருந்தார். வயிற்றில் பொத்தான் எட்டவில்லை. அந்துருண்டை வாசனை அறையை நிரப்பியது.

"ரிட்டயர் ஆனப்ப கொடுத்தது. நீங்க இவ்வளவு மரியாதையா வந்திருக்கீங்க, நான் மட்டும் கடைக்குப் போறவன் மாதிரி உட்காரலாமா?"

"அட, வேண்டாங்க. கழட்டிடுங்க."

"நீங்க கழட்டுங்க, நானும் கழட்டறேன்."

நான் கழுத்துப் பொத்தானைத் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகை இல்லை என்று எனக்குத் தெரியும்.

பெண் டீ கொண்டுவந்தாள். கொதிக்கக் கொதிக்க. மின்விசிறி தலைக்கு மேல் வெந்நீர் ஆவியைக் கிளறிக்கொண்டிருந்தது. அவள் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு மேசை விசிறியைத் தூக்கி வந்தாள். என் பக்கம் திருப்பினால் காக்காய் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். சரியாக நடுவில் வைத்தாள்.

"மாமாவும் அப்பாவும் சண்டை போடாம பங்கு போட்டுக்கங்க."

நேரம் தள்ளினால் ஆள் தாங்காது என்று தோன்றியது. முதல் கேள்வியை எடுத்தேன்.

"உங்க பொண்ணு மொதல்ல..."

மகனுக்கு முகம் வெளுத்தது. என் புருவத்திலிருந்து ஒரு சொட்டு டீயில் விழுந்தது.

"மொதல்ல பாத்த வேலைய..."

வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. கோட்டுக் கையால் துடைத்தேன். கம்பளியால் இன்னும் எரிந்தது.

"கேளுங்க, கேளுங்க" என்றார் அவர், காலரை இழுத்துவிட்டுக்கொண்டு. "கொஞ்சம் சுருக்காக் கேளுங்க. எனக்கும் கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. உங்க வீட்டுல இதுக்கு முன்னால ரெண்டு இடம் பேசி..."

மகன் தலையைத் தொங்கப் போட்டான். மனைவி குலுங்குவதை நிறுத்திவிட்டாள். ஆனால் அவருக்கும் மூச்சு வாங்கியது. கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு மேசை விசிறிப் பக்கம் முகத்தை நீட்டினார்.

கிடங்கு வாசலில் வேர்த்து நின்ற ஒருவனையும் நான் சும்மா விட்டதில்லை. இங்கே இரண்டு பேருமே வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். யார் யாருடைய பையைத் திறப்பது?

"கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையது.

"அதானே! என்ன இருக்கு?" என்றார் அவர். "தேதியை அவங்க ரெண்டு பேரும் பாத்துக்கட்டும்."

"பாத்துக்கட்டும்."

"இடம், செலவு எல்லாம் போன்ல பேசிக்கலாம் சம்பந்தி."

"பேசிக்கலாம்."

இருவரும் ஒன்றாக எழுந்தோம். அவருடைய மனைவி இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டாள். "அவங்களுக்கு ரயில் இருக்கு" என்று அவரே எங்களை வாசல்வரை தள்ளாத குறையாக அழைத்து வந்தார். எங்களுக்கு ரயில் மறுநாள்தான்.

தெருவுக்கு வந்ததும் நான் எதையும் யோசிக்கவில்லை. கழுத்திலிருந்து கீழ்வரை பொத்தான்களைப் பிய்க்காத குறையாக அவிழ்த்துக் கோட்டை உருவி எறிந்தேன். மகன் வாயைப் பிளந்தான்.

"அப்பா! உள்ள சட்டையே இல்லையா?"

"காயலைடா" என்றேன். அதற்கு மேல் அவனிடம் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

உடம்பில் காற்று பட்டதும் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. மூன்று கேள்வியில் ஒன்றைக்கூட நான் முடிக்கவில்லை. எதிர்ச்சுவரில் குடும்பப் படம் இருந்தது. அதில் மூத்த பெண் தனியாக நின்றாள், மூத்த மருமகன் இல்லை. என் கண் முன்னாலேயே இருந்தது, கேட்காமல் வந்திருக்கிறேன். இவ்வளவு சீக்கிரம் ஒருவன் பெண் கொடுக்கச் சம்மதித்தால் அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்?

"நான் ஒரு நிமிஷம் மேல போயிட்டு வரேன்" என்றேன்.

மனைவி மகனின் கையைப் பிடித்தாள். மகன் என்னைத் தடுக்கவில்லை. கீழே கிடந்த கோட்டை எடுத்து, உதறி, இரண்டு தோளையும் விரித்துப் பிடித்து, ஜவுளிக்கடைப் பையன் மாதிரிப் பணிவாக என் முன்னால் நீட்டினான். அதன் அடி ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"போயிட்டு வாங்கப்பா. வெறும் உடம்போட போகக் கூடாதுல்ல, போட்டுக்கிட்டுப் போங்க."

கோட்டைப் பார்த்தேன். மூன்று மாடியை அண்ணாந்து பார்த்தேன்.

"வண்டியைக் கூப்பிடுடா" என்றேன்.