ஐந்து பதினெட்டுக்கு எடுத்த படம்

லானி கணினித் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டான். அதுவரை அது எங்கள் இருவருக்கும் பொதுவாக மேசை நடுவில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் காரை அவன் கடைக்குக் கொண்டுவருவேன். ஸ்டியரிங்குக்குக் கீழே பொருத்தியிருக்கும், குடித்திருக்கிறேனா என்று பார்க்கும் மூச்சுக் கருவியை அவன் கழற்றி வயரில் மாட்டுவான். அறுபது நாள் மூச்சும் எண்களாகத் திரையில் இறங்கும். எல்லாம் பூஜ்யமாக இருக்கும். "இவ்வளவு பூஜ்யத்தை நான் என் ஸ்கூல் மார்க்லதான் பாத்திருக்கேன் ஆர்லன்" என்று ஒவ்வொரு முறையும் அவன் அதே பகடியைச் சொல்வான், நானும் ஒவ்வொரு முறையும் சிரிப்பேன். அன்று அவன் அதைச் சொல்லவில்லை.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் இரு."

வெளியே பனி அள்ளும் வண்டி ஒன்று சாலையைச் சுரண்டிக்கொண்டு போனது. சுவரில் தொங்கிய தீவனக் கடைக் காலண்டரைப் பார்த்தேன். கருவியைக் கழற்ற இன்னும் பதினோரு நாள். மனதுக்குள் அதை எண்ணிப் பார்ப்பது, நாக்கு ஆடும் பல்லைத் தடவிப் பார்ப்பதுபோலப் பழக்கமாகிவிட்டிருந்தது.

பத்தொன்பது வருடம் பால் டேங்கர் ஓட்டியவன் நான். மாட்டுப் பண்ணைகளில் பாலை ஏற்றிக்கொண்டு சீஸ் ஆலைக்குப் போகும் லாரி. ஒரு வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்து முடிந்து சொந்த வண்டியில் திரும்பும்போது பிடிபட்டேன். குடித்திருந்தேன். அதில் எனக்கு மறுத்துச் சொல்ல எதுவும் இல்லை. லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள். நிறுத்திவைத்த காலத்திலேயே இன்னொருமுறை பிடிபட்டேன். அப்போது ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை, ஆனால் ஓட்டியதே குற்றம். எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், சிறையில் பத்து நாள், லைசென்ஸுக்கு மேலும் ஒரு வருடத் தடை. அதற்கும் பிறகுதான் இந்தக் கருவி. ஊதினால்தான் இன்ஜின் பிடிக்கும். போய்க்கொண்டிருக்கும்போதும் திடீரென்று கீச்சிட்டு இன்னொருமுறை ஊதச் சொல்லும். கடைசி ஆறு மாதம் ஒரு தவறும் பதிவாகக் கூடாது. பதிவானால் ஆறு மாதமும் முதலிலிருந்து. கருவி வண்டியில் இருக்கும்வரை லாரி ஓட்டும் லைசென்ஸ் திரும்பக் கிடைக்காது. லாரி முதலாளி மெர்ல் மார்ச் முதல் தேதிவரை எனக்காக ஒரு லாரியைத் தற்காலிக ஆட்களை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். மெர்ல் நல்லவன்தான். ஆனால் பசுக்கள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

"ஆர்லன், வீட்ல ஒரே கார்தானே?" என்றான் லானி.

"ஆமா. பிக்கப் வண்டியை அப்பவே வித்தாச்சு."

"ரோண்டாவும் இதுலதான் போறாங்க."

"ஆமா. அவளும் ஊதித்தான் எடுக்கணும். ஏன்?"

அவன் திரையை மெல்ல என் பக்கம் திருப்பினான்.

கருவியின் மேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கேமரா உண்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு படம். எனக்குப் பதில் வேறு யாராவது ஊதி நான் ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக. படத்தில் என் மனைவி ரோண்டா இருந்தாள். கம்பளித் தொப்பி, பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் ஆரஞ்சு மேல்சட்டை, வாயில் குழாய். கேமராவுக்கு மிக அருகில் இருந்ததால் மூக்கு பெரிதாகவும் கண்கள் எங்கோ தொலைவிலும் தெரிந்தன. திங்கள் காலை ஐந்து பதினெட்டு. கீழே சிவப்பில் எண். பூஜ்யம் இல்லை. ஐந்து இருபத்தி நான்குக்கு இன்னொரு படம், அதுவும் சிவப்பு. ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு மூன்றாவது. அது பச்சை.

அந்தத் திங்கள் எனக்கு நினைவிருந்தது. நான் படுக்கையில் கிடந்தேன். அவள் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து சமையலறையில் ரொட்டி சுட்டாள். கருவி குளிரில் உறைந்துவிட்டது என்று அங்கிருந்தே சொன்னாள். அப்படி நடக்கும். அதனால்தான் எங்கள் பக்கத்தில் கருவி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இரவில் ஊதும் கைக்கருவியை மட்டும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பார்கள். நாங்கள் அதைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைப்போம். முந்தின இரவு நானே அதைக் காலுறைக்குள் போட்டிருந்தேன். அது உறைய வழியே இல்லை. ஆனாலும் நான் அப்போது யோசிக்கவில்லை.

"வாய் கொப்பளிக்கிற மவுத்வாஷா இருக்கும், அதுல ஆல்கஹால் உண்டே" என்றேன்.

"ஆறு நிமிஷம் கழிச்சும் அதே அளவு இருந்தா அது மவுத்வாஷ் இல்லய்யா. உனக்கே தெரியும்." விரலால் திரையை மேலே தள்ளினான். "சிவப்புக்குக் கீழ இருந்தா கருவி விட்டுடும். ஆனா எண்ணு எழுதி வெச்சுக்கும். இதப் பாரு. டிசம்பர்ல ரெண்டு. ஜனவரில அஞ்சு. எல்லாம் காலைல. நீ ஊதினதெல்லாம் பூஜ்யம். இது எல்லாமே அவங்க."

"லைசென்ஸ் ஆபீசுக்கு இத அனுப்பிட்டியா?"

"நான் எங்க அனுப்புறது? வயர் மாட்டினதுமே அதுவா போயிடும்." அவன் காகிதம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தான். "கருவிக்கு ஆள் தெரியாது. வண்டில யார் ஊதினாலும் உன் பேர்லதான் ஏறும். ஆனா பத்து நாளுக்குள்ள நீ எழுதிக் கேக்கலாம். அவங்க கையெழுத்து வேணும். நான்தான் ஊதினேன்னு. இந்தப் படத்தையும் சேத்து வெச்சா இந்தச் சிவப்பைத் தள்ளிடுவாங்க. உன் பதினோரு நாள் தப்பிச்சிடும்."

காகிதத்தில் ஒரு நீளமான கோடு இருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில், ஊதியவர் பெயர், தொழில், வேலை செய்யும் இடம்.

லானி தன் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அவங்க ஓட்டுறது நாலாம் நம்பர் பஸ்தானே?"

நான் காகிதத்தை எடுத்து மடித்தேன்.

"என் பொண்ணு ஏழு மணிக்கு எங்க வீட்டு முனைல அதுலதான் ஏறுவா. உங்க ரோண்டா அவளுக்குப் பொறந்தநாளுக்கு ஒரு மிட்டாய் குடுத்தாங்க. ரெண்டு நாள் அதையே சொல்லிட்டிருந்தா." கோப்பையைத் தள்ளிவைத்தான். "நாளைக்கு அவளை நானே கொண்டுவிடுறேன். திங்கக்கிழமைக்குள்ள நீ ஏதாவது பண்ணு. இல்லேன்னா நான் பண்ண வேண்டி வரும். தப்பா நினைக்காதே."

"நினைக்கல" என்றேன். நினைத்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் கருவி கீச்சிட்டது. ஊதினேன். பச்சை விளக்கு. இந்த இரண்டு வருடத்தில் என் மூச்சு சுத்தம் என்று திரும்பத் திரும்பச் சொன்னது இந்தப் பெட்டி ஒன்றுதான். ஊரில் வேறு யாரும் சொன்னதில்லை. தேவாலயத்தின் கீழ்த்தள அறையில் ஞாயிற்றுக்கிழமை காபி ஊற்றும்போது பெண்கள் ரோண்டாவின் தோளைத் தொடுவார்கள். என்னைத் தாண்டி அவளைத் தொடுவார்கள். "எப்படித்தான் சமாளிக்கிறியோ" என்பார்கள். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள். அந்தத் தாழ்த்தலில் ஒரு சுகம் இருந்தது என்று இப்போது தோன்றியது. அல்லது அதை அப்போதே பார்த்திருந்தும் எனக்கு அது சேரவேண்டியதுதான் என்று விட்டுவிட்டிருந்தேனோ என்னவோ.

நான் பிடிபட்ட அந்த இரண்டாவது முறையைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. ரோண்டாவுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், இருமல். அவள் தங்கையின் வேன் எங்கள் வாசலில் நின்றது. "ரெண்டு மைல்தானே ஆர்லன், எவன் பாக்கப் போறான், மருந்தை வாங்கிட்டு வா" என்றாள் ரோண்டா. ஷெரிஃபின் போலீஸ் ஆள் பார்த்தான். நீதிமன்றத்தில் நீதிபதி என்னிடம், ஏதேனும் அவசரமா, யாரேனும் ஓட்டச் சொன்னார்களா என்று கேட்டார். நான் திரும்பினேன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து ரோண்டா தன் கையுறையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல" என்றேன். அவள் தலை நிமிரவே இல்லை. பிறகு தேவாலயக் கீழ்த்தளத்தில் அவள் யாரிடமோ, "அவனுக்கு இன்னும் புத்தி வரல" என்று சொன்னதை மாடிப்படியில் நின்று கேட்டேன்.

சாப்பாட்டு மேசையில் அந்தக் காகிதத்தை உருளைக்கிழங்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ரோண்டா கண்ணாடி போடாமலே அதைப் படித்தாள். படிக்கவில்லை, பார்த்தாள். படத்தின் நகலையும் லானி மடித்துக் கொடுத்திருந்தான். அதை அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"எவ்வளவு அசிங்கமா இருக்கேன் இதுல" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"என்ன எப்பலேர்ந்து?"

"ரோண்டா."

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ ஜெயில்ல இருந்தியே, அந்தப் பத்து நாள்லேர்ந்து. வீடு அமைதியா இருந்துச்சு. அலமாரியில உன் பிராந்தி பாதி இருந்துச்சு. கொட்டிடலாம்னுதான் எடுத்தேன்." சிரித்தாள். "மொத நாள் கொஞ்சம் கொட்டவும் செஞ்சேன்."

அடுப்பில் விறகு சரிந்தது. நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். "அந்தத் திங்கக்கிழமை, அதுக்கப்புறம் பஸ் எடுத்தியா?"

"பச்சை வந்துச்சே."

"பஸ்ஸுக்குப் பச்சை சிவப்பு கெடையாது. கொஞ்சம் இருந்தாலும் கூடாது."

"எனக்குச் சட்டம் சொல்லித் தர்றியா? நீயா?" அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "ரெண்டு வருஷமா உன் பாவத்துக்கு நான் அந்தக் குழாயை வாயில வெச்சேன். பஸ் ஷெட்ல மத்தவங்க எதிர்க்க. மளிகைக் கடை வாசல்ல. ஊது ரோண்டா, ஊதுன்னு பஸ் ஓட்டுற அந்த ஹால்வர்சன் சிரிச்சான். அது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எல்லாம் தெரிஞ்ச மாதிரி உக்காந்திருக்கே."

"கையெழுத்துப் போடு. மெர்ல் மார்ச்சுக்கு அப்புறம் வெச்சிருக்க மாட்டான். எனக்கு லாரி கிடைச்சுட்டா நீ வீட்ல இருந்துக்கலாம்."

"பஸ் ஓட்டுற பொம்பளை குடிச்சுட்டு வந்தாள்னு இந்தக் கவுண்டியே பேசும். அதுக்கப்புறம் நான் எங்க போய் இருக்குறது?" அவள் காகிதத்தை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினாள். பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். "நீ அன்னைக்குக் கோர்ட்ல என் பேரைச் சொல்லல. நான் கேக்காமலே சொல்லல."

"நீயும் ஒண்ணும் சொல்லல."

"ஆமா" என்றாள். "நான் சொல்லல."

அவள் எழுந்து தட்டுகளைக் கழுவினாள். நான் கைக்கருவியைக் காரிலிருந்து எடுத்துவந்து காலுறைக்குள் போட்டு அடுப்பருகே வைத்தேன். காகிதம் மேசையிலேயே கிடந்தது, அதன்மேல் ஒரு பேனா. பேனாவை வைத்தது நானா அவளா என்று நினைவில்லை.

காலையில் நான் எழுந்து வரும்போது அவள் ஆரஞ்சு மேல்சட்டையோடு அடுப்பருகே நின்றிருந்தாள். மேசையில் காகிதம் அப்படியே இருந்தது. கோட்டின்மேல் ஒன்றும் இல்லை. காபி மணத்துக்கு அடியில் இன்னொரு மணம் இருந்தது. அதை எனக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. அவளிடம் அது இத்தனை நாளாக இருந்திருக்கிறது. நான் என்னுடைய பழைய மணம் என்றே எண்ணி வெட்கப்பட்டிருக்கிறேன்.

"இன்னைக்குப் போகாதே. உடம்பு சரியில்லன்னு போன் பண்ணு."

"இந்த மாசத்துல மூணு தடவை பண்ணிட்டேன். இன்னொன்னுன்னா டாக்டர்கிட்ட அனுப்புவாங்க." காலுறையை எடுத்து என் கையில் வைத்தாள். கருவி உள்ளே ஒரு சிறு பிராணியைப்போல வெதுவெதுப்பாக இருந்தது. "நீ வா. நீ ஊதிக் குடு. வண்டி கிளம்பிட்டா போதும்."

"வழில திரும்பக் கேக்கும்."

"நீயும் கூட வா. ஷெட் வரைக்கும். ஒம்பது மைல். அப்புறம் பஸ்ல இது கெடையாது."

எனக்காக வேறு ஆள் ஊதினால் குற்றம். அவருக்கும் சிறை, எனக்கும் சிறை. கருவிக்காகக் கையெழுத்துப் போட்ட நாளில் அதை எனக்கு இரண்டுமுறை படித்துக் காட்டினார்கள். அவளுக்காக நான் ஊதினால் என்ன என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. அப்படி ஒரு வீடு இருக்கும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. என் பதினோரு நாளுக்கும் அதுவே நல்லது என்று உள்ளுக்குள் ஒருவன் சொன்னான். இன்னொரு சிவப்பு ஏறாது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். ரெண்டு மைல்தானே என்று சொன்ன அதே குரல்தான். இந்தமுறை அது என்னுடையதாக இருந்தது.

காருக்குள் எங்கள் மூச்சு வெள்ளையாக நின்றது. ரோண்டா ஸ்டியரிங்கின் பின்னால், நான் பக்கத்தில். கருவியைப் பொருத்தினேன். அது கொஞ்சம் யோசித்து, தயார் என்று ஒலித்தது. அவள் தானே நகர்ந்து, கேமரா என்னைப் பார்க்கும்படி கதவோடு ஒட்டிக்கொண்டாள். மடியில் அவளுடைய உணவுப் பெட்டி. அதன் பக்கப் பையில், வண்ணத்தாள் சுற்றிய மிட்டாய்கள் கைப்பிடி அளவு இருந்தன.

"ஊது ஆர்லன்" என்றாள். "நேரமாச்சு."

குழாயை உதட்டில் வைத்து நெஞ்சு நிறைய இழுத்தேன். கருவியின் சிறிய திரையில் ஊதுவதற்கான நொடிகள் குறையத் தொடங்கின. முன்கண்ணாடி முழுக்கப் பனி மூடியிருந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பொத்தான் அளவுக் கண் மட்டும் என்னைப் பார்த்தது. நான் மூச்சை உள்ளேயே வைத்திருந்தேன்.