வேர் விட்ட செருப்பு

1924-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ரங்கூனில் இருந்த சிறிய ஜப்பானியப் பள்ளிக்கூடத்தின் வாசற்படியில் நாகரத்தினம் டீச்சரின் மரக்கட்டைச் செருப்பு வேர் விட்டது. அன்று பெய்த மழை வழக்கமான அளவுதான்.

பல் வைத்தியர்கள், போட்டோ பிடிப்பவர்கள், அரிசி வியாபாரிகள் என்று அந்த ஊர் ஜப்பானியர் வீட்டுப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர் அங்கே படித்தார்கள். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் குடியிருந்த ரயில்வே பிட்டரின் மகளான நாகரத்தினம் அவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள். ஜப்பானியர் அல்லாத ஆசிரியை அவள் ஒருத்திதான். இடுப்பை வளைத்து வணங்கப் பழகினாள். மணி அடித்ததும் பிள்ளைகளோடு முட்டி போட்டுத் தரை துடைக்கப் பழகினாள். செருப்பு விஷயம்தான் அவளுக்கு ஆறவில்லை. வாசலில் இருந்த அலமாரியில் ஆசிரியர், மாணவர் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஓர் அறை உண்டு. அவளுக்கு இல்லை. வெளிநாட்டு ஆசிரியர்கள் வந்து போகிறவர்கள், அவர்களுக்கு எதற்கு அறை என்று தலைமையாசிரியர் ஒக்குமுரா மிக மரியாதையாக விளக்கினார். இரண்டு மழைக்காலம் அவள் செருப்பு படியிலேயே நனைந்தது.

"நான் வெளிநாடா? நான் பிறந்தது இந்த ஊர் ரயில்வே லைன்ல. கப்பல்ல வந்தது அவரு" என்றாள், வாசல் காக்கும் தர்வான் மாரிச்சாமியிடம்.

"அதை அவருகிட்டயே சொல்லுங்க டீச்சரம்மா. என்கிட்ட சொன்னா என்ன, கப்பல் திரும்பிப் போயிருமா?" என்றான் அவன்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். ஆகஸ்டு முதல் இங்கிலீஷுக்கு ஒரு வெள்ளைக்காரர் வருகிறார், இதுவரை உழைத்ததற்கு நன்றி. வாசலுக்கு வந்து செருப்பை மாட்டக் குனிந்தாள், அது அசையவில்லை. வேங்கை மரத்துக் கட்டை சிமெண்டைப் பிளந்து, விரல் தடிமனில் வேர் இறக்கியிருந்தது. மாரிச்சாமி இழுத்தான். கயிறு கட்டி நான்கு கூலிகள் இழுத்தார்கள். அவள் வெறுங்காலோடு டிராம் ஏறினாள்.

பள்ளிக்கு ஒரு விதி உண்டு. எவருடைய செருப்பு வாசலில் இருக்கிறதோ அவர் உள்ளே இருப்பதாகப் பொருள். விதியை எழுதியவர் ஒக்குமுராவேதான். சாயங்காலம் மாரிச்சாமி, பூட்டும் முன் ஆள் கணக்கு எழுதும் சிலேட்டில் "உள்ளே: ஒருவர்" என்று எழுதிக் காட்டினான். திங்கட்கிழமை நாகரத்தினம் வகுப்புக்குள் நுழைந்தபோது தடுக்க வழியில்லை. கணக்குப்படி அவள் வெளியே போகவே இல்லை. ஆகஸ்டில் வந்த வெள்ளைக்காரர் காலியில்லாத இடத்தைப் பார்த்துவிட்டு மோல்மேனுக்குப் போனார். பள்ளிக் கமிட்டியார் கோடாரியோடு வந்து செருப்பை வெட்டினார்கள். விடிந்தபோது ஜோடி முழுசாக, இரண்டு இலை கூடுதலாக நின்றது.

செப்டம்பரில் ஒக்குமுரா அவளை வாசலுக்கு அழைத்து, கால் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். அவளே செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டால் எந்தப் பள்ளியிலும் செல்லும்படி நற்சான்று எழுதித் தருவதாகச் சொன்னார். அவள் காலை நுழைத்தாள். பாதத்துக்கு அடியில் வேர்கள் ஒவ்வொன்றாகப் பிடி விடுவது தெரிந்தது. ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். அவள் நிமிர்ந்து ஒக்குமுராவைப் பார்த்தாள். பிறகு காலை மெதுவாக உருவிக்கொண்டாள். வேர்கள் மறுபடி சிமெண்டுக்குள் இறங்கும் சத்தம் அவருக்கும் கேட்டது.

"இது என் செருப்பு. நான் சொன்னாத்தான் வரும். நான் சொல்லமாட்டேன்" என்றாள் இங்கிலீஷில், பாடம் நடத்தும் குரலில். ஒக்குமுரா வணங்கினார். வழக்கத்தைவிடச் சற்றுத் தாழ்வாக என்று மாரிச்சாமி பின்னால் சொல்லித் திரிந்தான்.

1927-இல் அலமாரியில் அவள் பெயர் எழுதி ஓர் அறை ஒதுக்கினார்கள். அவள் அதில் சாக்பீஸ் டப்பாவை வைத்துக்கொண்டாள். படியில் இருந்த செருப்பு அந்த மூன்று வருஷத்தில் இடுப்பளவு மரமாகியிருந்தது. ஏப்ரலில், பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின நாள் அது மஞ்சளாகப் பூக்கும். பிள்ளைகள் தங்கள் ஷூவுக்குள் உதிர்ந்த பூவைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நாகரத்தினம் வெறுங்காலோடு டிராமுக்கு நடப்பாள். அவள் தெருமுனை திரும்பியதும் மாரிச்சாமி சிலேட்டில் "உள்ளே: ஒருவர்" என்று எழுதிவிட்டு, வாசலைப் பூட்டுவான்.