மூன்று விரல் வாய்

வாலாஜாபாத் சந்தையில் மாட்டுத் தரகர் ஷரீஃப் பாய் கை வைக்காத மாட்டு வாய் கிடையாது. தாடையை அகட்டிப் பல்லைப் பார்த்ததும் வயதைச் சொல்லிவிடுவார். விலையை மட்டும் வாயால் சொல்ல மாட்டார். கையைத் துண்டால் மூடிக்கொண்டு, வாங்குகிறவனின் விரலைப் பிடித்துத்தான் பேரம். பிடித்த விரல் எத்தனையோ, விலை அத்தனை.

அப்பேர்ப்பட்டவர் பித்தப்பையில் கல் என்று காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். மறுநாள் ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர் ப்ரியங்கா அவரையே வாயைத் திறக்கச் சொன்னார்.

“மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி உள்ள விடுங்க பாய்.”

வருஷக்கணக்கில் மாவாப் பாக்கு மென்று கன்னம் இரண்டும் இறுகிக் கிடந்தன. பாய் விரல்களை அடுக்கவில்லை. நைசாகப் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்து நுழைத்தார். கிழட்டு மாட்டை இளசு என்று தள்ளிவிடுகிற கையல்லவா? டாக்டர் அந்தக் கையைத் திருப்பி நிமிர்த்தினார். ஒரு விரல்தான் போனது.

“ஒண்ணரைன்னு எழுதிக்கம்மா.”

“பேரம் பேசாதீங்க பாய். மயங்கினப்புறம் வாய் திறக்கலேன்னா மூச்சுக்குழாய் விட முடியாது, உயிருக்கே ஆபத்து. அதனால மரத்துப்போக மருந்து அடிச்சு, நீங்க முழிச்சிருக்கும்போதே மூக்கு வழியா விட்டுடுவேன். தூக்கம் அப்புறம்தான்.”

மனைவி உம்முசல்மா சும்மா இருக்கவில்லை.

“ஊரு மாட்டையெல்லாம் வாயத் தொறக்க வெச்சீங்க இல்ல, இப்ப உங்க முறை,” என்று சிரித்தாள். சிரித்தவளே திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போயிற்று.

மறுநாள் மேஜையில் கழுத்துவரை பச்சைத் துணி. மூக்கில் குழாய் நுழைந்ததும் பேச முடியவில்லை. பயத்தில் துணிக்குள் துழாவியவர், நாடி பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் கலைவாணியின் கை அகப்பட்டதும் ஒரு விரலை இறுக்கிப் பிடித்தார். கலைவாணி மாடு வைத்திருக்கிற வீட்டுப் பெண். சட்டென்று புரிந்துகொண்டாள்.

“ஒரே நிமிஷத்துல முடிக்கணுமாம் டாக்டர்.”

“மூணு ஆகும்னு சொல்லு.”

கலைவாணி அவருடைய மூன்று விரலைப் பிடித்தாள். பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. உதறிவிட்டு இரண்டைப் பிடித்தார். அவள் மறுபடி மூன்று. அவர் விடுவாரா? இரண்டிலேயே நின்றார். துணிக்குள் பேரம் சூடுபிடித்தது. திடீரென்று இருமல் வந்தது. இருமினார், சத்தம் வரவில்லை.

“குழாய் உள்ள போயிடுச்சு பாய். இனி நிம்மதியாத் தூங்குங்க.”

கண் விழித்தபோது பக்கத்தில் உம்முசல்மா. தொண்டை கரகரத்தது.

“பேரம் இன்னாத்துக்கு முடிஞ்சுது?” என்றாள். கலைவாணி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

“எங்க முடிஞ்சுது? நான் ரெண்டுலயே நின்னுக்கினு இருந்தேன். அதுக்குள்ள அவங்க மாட்ட ஓட்டிக்கினு பூட்டாங்க.”

உம்முசல்மா சிரித்தாள். துண்டு எதுவும் போடாமல், எல்லோரும் பார்க்க, அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.