குருவியின் தாள்

குளிர்கால விடுமுறை முடிந்த முதல் நாள், இரண்டாம் வகுப்பில் எப்போதும் ஜோடி விளையாட்டுதான். ஒரு குழந்தை லீவில் நடந்ததைச் சொல்லும். ஜோடி அதை வரையும். இந்த முறை டீச்சர் பாடக்குறிப்பில் அதை மூன்று பேர் விளையாட்டாக மாற்றினார். வாயாடி என்று எல்லோரும் கூப்பிட்ட பெண் விடுமுறையில் காய்ச்சல் கண்டு இறந்துபோயிருந்தாள். அவளுடைய ஜோடியான குருவி என்ற சிறுமி தனியாக நிற்கக் கூடாது என்றுதான் இந்த மாற்றம்.

காலையில் குருவியை இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்தார். அவர்களில் ஒருத்தி அவளைத் தோளால் இடித்தாள்.

"சொல்லுடி, வரையறேன். யானை மட்டும் வேணாம். நான் போட்டா பன்னியாயிடும்."

குருவி சிரித்துவிட்டாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"வாயாடிகிட்ட சொல்லணும்னுதான் எல்லாத்தையும் வச்சிருந்தேன் டீச்சர்."

"இப்ப சொல்ல வேணாம்டா கண்ணு," என்று டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

குருவி சொல்வதை வரைய வைத்திருந்த தாள் மணியடிக்கும்வரை வெள்ளையாகவே கிடந்தது.