மூடிக்கு மூன்று பூச்சு

மகளின் கல்யாணத்தன்று காலையில் மெர்வ் டொஹெர்ட்டி தன் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். மணப்பெண்ணின் அப்பா இருக்கவேண்டிய இடம் அதுவல்ல என்று அவருக்கும் தெரியும். ஆனால் பெர்னிக்கு ஆறு வயதில் கொடுத்த வாக்கு அது: "உன் கல்யாணத்துக்கு இந்த ஹோல்டன்லதான் கூட்டிட்டுப் போவேன், நானே ஓட்டிட்டு." அன்றைக்கு அந்த வண்டியின் பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் இருபது வருஷம் உயிரைக் கொடுத்து அதை ஐம்பத்தைந்தாம் வருஷம் கம்பெனியிலிருந்து வந்ததுபோலவே ஆக்கி வைத்திருந்தார். எல்லாம் கூடிவந்த நேரத்தில், போன வாரம் பிரேக்குக்கு ஆயில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகத் தொடங்கித் தொலைத்தது.

புதியது மெல்பர்னிலிருந்து தபாலில் வந்துவிட்டது. வேறு எவனாக இருந்தாலும் அன்று சாயங்காலமே மாட்டி முடித்திருப்பான். மெர்வ் மாட்டவில்லை. சிலிண்டரின் மூடிக்குப் பெயிண்ட் அடித்தார். ஒரு பூச்சு, காயவைத்து இன்னொன்று, அதையும் தேய்த்து மூன்றாவது. அந்தச் சிலிண்டர் இருப்பதோ ஓட்டுபவரின் காலடியில், மிதியடியைத் தூக்கி, தரைத் தகட்டையும் கழற்றினால்தான் கண்ணில் படும் இடத்தில். அங்கே எந்தப் பைத்தியக்காரன் போய்ப் பார்க்கப்போகிறான் என்று நீங்கள் கேட்கலாம். கிளைவ் பாஸ்கோ பார்ப்பார்.

கிளைவ் பக்கத்து வீட்டுக்காரர், பழைய கார்ச் சங்கத்தின் நடுவர். ஒரு காலத்தில் மெர்வுக்கு உயிர்த் தோழர். மூன்று வருஷத்துக்கு முந்தைய கார்க் கண்காட்சியில் டார்ச்சும் கண்ணாடியுமாகக் குனிந்து, அந்தத் தகட்டைக் கழற்றிப் பார்த்து, "மூடி சாம்பல் நிறம். கம்பெனியிலேர்ந்து வந்தது கறுப்பு" என்று அரை மார்க்கைக் குறைத்துவிட்டார். கோப்பை ஒரு பல் டாக்டரின் காருக்குப் போனது. அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் நடுவில் இடுப்புயர வேலிதான். ஒரு வார்த்தையும் பேசாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? அதனால் இரண்டு பேரும் கிளைவின் நாய் டஃபியிடம் பேசிக்கொண்டார்கள்.

இன்று காலை சிலிண்டரைக் கறுப்பு மூடியோடு மாட்டியாயிற்று. பிரேக் ஆயில் புதுக் கம்பளத்தில் தெறித்துவிடக் கூடாதென்று மூடியை இறுக்கித் திருகியும் ஆயிற்று. பாக்கி ஏர் எடுப்பதுதான். ஒருவர் உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து அங்குள்ள நிப்பிள் திருகைத் திறந்து மூடி, குழாயில் மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்ற வேண்டும். ஒற்றை ஆளாகச் செய்கிற வேலை இல்லை. மனைவி நொரீனும் பெர்னியும் முடி அலங்காரத்துக்குப் போயிருந்தார்கள். மெர்வ் துடைப்பக் கட்டையைச் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்துவிட்டு அடியில் போனார். கட்டை வழுக்கி ஹார்னில் சாய்ந்தது. தெரு முழுக்க அலறியது.

வேலிக்கு மேலே ஒரு டீக் குவளையும் கிளைவின் தலையும் தெரிந்தன.

"டஃபி, கேட்டியாடா? சிலர் வீட்டுக் கல்யாணத்துல பேண்டு வாத்தியம் காலையிலேயே ஆரம்பிச்சுடுது."

"டஃபி," என்றார் மெர்வ் அடியிலிருந்தே, "வேலை வெட்டி இல்லாத ஆளுங்களை உள்ள போகச் சொல்லு."

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் டெலிபோன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா, மிஸஸ் ஆஷ்வர்த்.

"மிஸ்டர் டொஹெர்ட்டி, தப்பா நினைக்காதீங்க. டப்போ டவுன்ல ஒரு வெள்ளை லிமோசின் சொல்லி வெச்சிருக்கேன். உங்க பழைய வண்டி கைவிட்டுட்டா நாம எல்லாருக்கும் தலைகுனிவு பாருங்க. மதியத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா அனுப்பிடுவேன்."

அவள் குரலில் வழிந்த தேனைக் கேட்டு மெர்வுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்தார். துடைப்பத்தைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். வீம்பு ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம்.

"டஃபி," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க ஆளுக்குக் கால் சும்மாதானே இருக்கு?"

கிளைவ் குவளையை வேலிக் கட்டையில் வைத்துவிட்டு ஏறிக் குதித்து வந்தார். ஏதோ மூன்று வருஷமாகக் கூப்பிடுவார்கள் என்று செருப்பை மாட்டிக்கொண்டே காத்திருந்தவரைப் போல அவ்வளவு வேகம். ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்தார். டஃபி பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டது.

"டஃபி, மிதிக்கச் சொல்லு."

"டஃபி, மிதிச்சாச்சுன்னு சொல்லு."

"பிடிச்சுக்கச் சொல்லு... விடச் சொல்லு."

நாய் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் வேலை நடந்தது. நான்கு சக்கரமும் முடிந்தது. பெடல் மட்டும் ஊறின பன் மாதிரி அமுங்கித் தரையைத் தொட்டது. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் குமிழி குமிழியாகக் காற்று. எங்கிருந்துதான் வருகிறதோ அந்தச் சனியன்! மெர்வ் ஒவ்வொரு இணைப்பாகத் துடைத்துப் பார்த்தார். எங்கும் ஒழுகவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபது வருஷத்து வாக்கு வெள்ளை லிமோசினில் ஏறிப் போகப்போகிறது என்று நினைத்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, கிளைவ் குனிந்து மூடியைத் திருகித் திறந்தார். 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது சிலிண்டர். கிளைவ் மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். திருப்பினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"டஃபி, இந்த மூடியில ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும்டா. ஆயில் இறங்க இறங்க அது வழியாத்தான் மேல காத்து வரும். அது அடைஞ்சா ஆயில் இறங்காது, கண்ட இடத்துலேர்ந்து காத்தை உறிஞ்சும். ஒருத்தர் அந்த ஓட்டையையும் விடாம பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காரு."

மெர்வின் முகத்தில் ஈயாடவில்லை. யாரால் அடித்தேன் தெரியுமா என்று கத்த வாயெடுத்தார். அப்புறம் அடங்கிவிட்டார்.

"என்ன நிறம்னு கேளு, டஃபி."

கிளைவ் மூடியை மறுபடி பார்த்தார்.

"கறுப்பு. குறை சொல்ல ஒண்ணும் இல்ல."

நொரீனின் தையல் ஊசியால் குத்தியதும் ஓட்டை திறந்தது. திரும்ப ஏர் எடுத்தார்கள். பெடல் பாதியில் கல் மாதிரி நின்றது. மெர்வ் ஓடிப்போய் மிஸஸ் ஆஷ்வர்த்துக்கு டெலிபோன் செய்து, "லிமோசின் வேண்டாம்மா, நீங்களே அதுல ஊர்வலம் போங்க" என்று சொல்லிவிட்டு, அவள் பதில் சொல்லுமுன் வைத்தார். திரும்பி வந்தபோது கிளைவ் வேலியைத் தாண்டியிருந்தார். "வா டஃபி, சர்ச்சுக்குப் போக டை தேடணும்" என்ற குரல் மட்டும் கேட்டது. ஒரு நன்றி சொல்லியிருக்கலாம் என்று மெர்வுக்கு உறுத்தியது.

பிற்பகலில் பெர்னி முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் ஏறச் சொன்னால் கேட்கவில்லை. வெள்ளை உடுப்பு கியர் கம்பி வரைக்கும் வழிந்தது.

"காதுல கிரீஸ் இருக்குப்பா."

"இருக்கட்டும்."

"இரு, துடைக்கிறேன். நேரா பாரு."

கைக்குட்டையில் எச்சில் தொட்டுத் துடைத்தாள். சின்ன வயதில் அவள் கன்னத்தை அவர் துடைத்துவிட்டது அப்படித்தான். முதல் தெருமுனையில் பிரேக் பூப்போலப் பிடித்தது. இரண்டாவது முனையிலும் பிடித்தது. அவள் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். மெர்வுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அடுத்த திருப்பத்தில் தேவாலயம் தெரிந்தது. வாசலில் கூட்டம். நடுவில் மிஸஸ் ஆஷ்வர்த்தின் ஊதாத் தொப்பி. ஓரத்தில் டையும் நாயுமாகக் கிளைவ்.

மெர்வ் காலைப் பெடலில் வைத்தார். வைத்த கால் மிதிக்கவில்லை. வண்டி தொப்பியைத் தாண்டி, வாசலைத் தாண்டி, மாப்பிள்ளை வீட்டார் வாய் பிளந்து பார்க்கப் போய்க்கொண்டே இருந்தது.

"ஐயோ, பிரேக் பிடிக்கலை!" என்று யாரோ அலறினார்கள்.

"மெர்வ்!" கிளைவ் தெருவில் குதித்து ஓடி வந்தார். முட்டிவலிக்காரர், அறுபத்தைந்து வயது, டை தோளுக்கு மேல் பறந்தது, டஃபி பின்னாலேயே ஓடியது. "டேய் மெர்வ்! ஹேண்ட் பிரேக்கை இழுடா! இழுடா மெர்வ்!"

அஞ்சலகத்துக்கு எதிரே ஹோல்டன் ஒரு குலுங்கல் இல்லாமல் நின்றது. கிளைவ் வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். மூச்சு வாங்கியது.

"பிடிக்கலையாடா?"

"பிடிக்குதுடா கிளைவ். அருமையாப் பிடிக்குது." மெர்வ் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்குத்தான் மிதிக்க மனசு வரல."

பெர்னி அப்பாவின் கைமேல் கைவைத்தாள். கிளைவ் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், திரும்பி வாசலில் ஆடிக்கொண்டிருந்த ஊதாத் தொப்பியைப் பார்த்தார். பின் கதவைத் திறந்து, நாயை முதலில் ஏற்றி, தானும் ஏறி உட்கார்ந்தார்.

"ஊரை ஒரு சுத்து சுத்துடா," என்றார். "அந்தம்மா நிக்கட்டும்."

மெர்வ் கியரைப் போட்டார்.