விடைபெறும் கவுண்டர்

பிரிட்டனில் ரயில் பாஸ் எடுத்து ஊர் ஊராகப் போகிறவர்கள், கிளம்புகிற ஊரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டுதான் ரயில் ஏற வேண்டும். அதற்கென்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு கவுண்டர் உண்டு. பயணி சொல்வதை அங்கே இருப்பவர் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வார். ரயில் எழுதியபடி ஓடும். டிக்கெட் வாங்கிப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பாஸ் எடுத்தவருக்கு டிக்கெட் தரமாட்டார்கள்.

தென்காசி ஆவுடையம்மாளுக்கு இந்த விதி தெரியும். முப்பத்தொரு வருஷம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவள் அவள். இரண்டு நிமிஷம் பிந்தி வந்த டிரைவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவுவார்கள். ஆறு மாதம் உட்கார்ந்து கட்டம் போட்ட தாளில் நான்கு நாள் பாஸுக்குத் திட்டம் வகுத்திருந்தாள். முதல் நாள் லண்டனிலிருந்து யார்க், இரண்டாம் நாள் எடின்பரோ, மூன்றாம் நாள் இன்வெர்னஸ். நான்காம் நாள் ஒரே ஓட்டமாக லண்டனுக்குத் திரும்பி விமானம் பிடிக்க வேண்டும்.

இன்வெர்னஸில் அவள் அக்கா பிரமு இருந்தாள். நர்ஸ் வேலைக்கென்று போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. அம்மா காரியத்துக்கும் வரவில்லை. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். ஏன் என்று முகத்துக்கு நேரே கேட்டு, முடிந்தால் கையோடு கூட்டிவந்துவிட வேண்டும் என்பதுதான் ஆவுடையின் எண்ணம். முதல் நாளே நேராகப் போயிருக்கலாம். கேட்க வேண்டியதைக் கோவையாக அடுக்கிக்கொள்ள அவளுக்கு நடுவில் இரண்டு ஊர் தேவைப்பட்டது.

முதல் நாள் லண்டன் கவுண்டரில், "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஏறினாள். யார்க்கில் தூறல். பழைய கோட்டைச் சுவரின் மேல் நடந்தபடி, அக்காவைக் கேட்க வேண்டிய முதல் கேள்வியை ஏழு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். மறுநாள் யார்க்கிடமும் "போயிட்டு வாரேன்" என்றாள்.

எடின்பரோ ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. கொஞ்ச நேரம் கடல் கூடவே வந்தது. பிறகு கடல் பின்னால் போய்விட்டது. முந்தின நாள் பார்த்த அதே ஆடுகள் இப்போது மறுபக்கம் நின்று மேய்ந்தன. ரயில் லண்டனில் போய் நின்றது. எதிர் இருக்கைக்காரர் எடின்பரோ செய்தித்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கி வேலைக்குப் போனார்.

கவுண்டரில் குகதாசன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார்.

"தம்பி, நான் எடின்பரோ போணும். ரயிலு லண்டனுக்கே வந்துட்டு" என்றாள் ஆவுடை.

அவர் நோட்டைப் புரட்டினார். "அக்கா, நீங்கள் 'போயிட்டு வாரேன்' எண்டு சொன்னனீங்கள். போனீங்கள், வந்திட்டீங்கள். ரயில் சரியாத்தான் ஓடியிருக்குது."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்லுததுய்யா. ஊர்ல எல்லாரும் அப்படித்தானே சொல்லுவோம்."

"எங்கட ஊரிலயும் 'போட்டு வாறன்' எண்டுதான் சொல்லுறது. இங்க வந்த முதல் வருசம் நான் பக்கத்தில இருக்கிற குறொய்டனைக்கூடத் தாண்டேல்லை."

பாஸில் இன்னும் இரண்டு நாள் மிச்சம். மறுநாள் மத்தியானம் நேரே இன்வெர்னஸுக்கு ஒரு ரயில் உண்டு என்று குகதாசன் சொன்னார். அது வழியில் யார்க்கில் இரண்டு நிமிஷம் நிற்கும். பிளாட்பாரத்தில் கால் வைத்து ஏறினால் யார்க்குக்குக் கொடுத்த வாக்கும் தீர்ந்துவிடும். "ஆனால் லண்டனிட்ட 'போறேன்' எண்டு மட்டும் சொல்லவேணும்."

"சொன்னா?"

"பிறகு லண்டன் உங்களுக்கு இல்லை அக்கா. எந்த போர்டிலயும் பேர் தெரியாது."

"என் விமானம் இங்கேயிருந்துதானே."

"ஓம்" என்று சொல்லி அவர் பேனாவை மூடினார்.

ஆவுடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீயை ஆறவிட்டாள். 'போறேன்' என்பது சாகக் கிடக்கிறவர்கள்கூடச் சொல்லாத வார்த்தை. டெப்போவில் அவள் 'வண்டி போகுது' என்று எழுதினதில்லை. 'வண்டி கிளம்பியது' என்றுதான் எழுதுவாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அக்காவைப் பார்க்காமல் திரும்பிப் போவதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் கவுண்டரில் நின்று, "கிளம்புதேன்" என்றாள்.

"அதை எழுதினால் ரயில் கிளம்பும். போய்ச் சேராது" என்றார் குகதாசன்.

வாய் வரைக்கும் வந்த வார்த்தை இரண்டு தரம் உள்ளே திரும்பிப் போனது. மூன்றாம் தரம், அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "போறேன்" என்றாள். அவர் எழுதினார். சுவரில் இருந்த பெரிய பெயர்ப் பலகை வெறும் பலகையாக நின்றது. குகதாசன் மட்டும் அதன் கீழே அப்படியே உட்கார்ந்திருந்தார்.

யார்க்கில் ஆவுடை வலது காலை மட்டும் பிளாட்பாரத்தில் வைத்து எடுத்தாள். யார்க் அதை ஒப்புக்கொண்டது.

இன்வெர்னஸில் ராத்திரி எட்டு மணிக்கும் வெயில் அடித்தது. புடவைக்கு மேல் கனத்த கோட்டு மாட்டிக்கொண்டு பிரமு நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. "ஏட்டி, இப்படி மெலிஞ்சிட்டியே" என்றாள். அடுக்கி வைத்திருந்த கேள்விகளெல்லாம் ஆவுடைக்கு மறந்துபோயின.

"ஏன்க்கா வரல?" என்று மட்டும் கேட்டாள்.

பிரமு அவளை ரயில் நேரம் காட்டும் போர்டுக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினாள். லண்டன் இருந்திருக்க வேண்டிய முதல் வரியில் 'தென்காசி, காலை 8.40, மூன்றாம் பிளாட்பாரம்' என்று இருந்தது. ஊரில் கிளம்பும்போது தென்காசியிடமும் ஆவுடை போயிட்டு வாரேன் என்றுதானே சொல்லியிருந்தாள்.

"இந்தா இருக்கே நம்மூரு. மொத வரி" என்றாள் ஆவுடை.

"எனக்கு அந்த எடம் வெறுசா இருக்குட்டி" என்றாள் பிரமு. "பத்தொம்பது வருசமா லீவு நாளெல்லாம் வந்து வந்து பாக்கேன். அன்னைக்கு அப்பாகூடச் சண்டை. கோவத்துல 'போறேன்'னுட்டு ரயிலேறிட்டேன்."

தென்காசியில் அதையெல்லாம் எழுதிவைக்க ஆள் கிடையாது. ஆனாலும் ஊர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பத்தொன்பது வருஷத்துக் கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று ஆவுடைக்குத் தெரியவில்லை. அக்காவின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

காலையில் இன்வெர்னஸ் கவுண்டரில் இருந்த பெண் விதிப் புத்தகத்தைப் பார்த்தாள். போகிற ஊரின் பெயர் கண்ணில் படாத ஆளைப் பயணியாக ஏற்ற முடியாது என்றாள். பாஸ் வைத்திருப்பவர் இரண்டு சாமான் கொண்டுபோகலாம். ஆவுடையிடம் ஒரு பெட்டிதான் இருந்தது.

பிரமு கோட்டைச் சரிசெய்துகொண்டு தராசில் ஏறி உட்கார்ந்தாள். அவள் மணிக்கட்டில் கட்ட ஓர் அட்டை கொடுத்தார்கள். சாமானின் பெயர் என்ற இடத்தில் ஆவுடை 'அக்கா' என்று எழுதினாள். அடுத்து, உடையக்கூடியதா என்று கேட்டிருந்தது.

"இல்லன்னு எழுதுட்டி" என்றாள் பிரமு.

ஆவுடை 'ஆமாம்' என்று எழுதினாள்.

இன்வெர்னஸிடம் போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு ஏறினாள். ரயில் 8.40-க்குக் கிளம்பியது. பிரமு மேலே சாமான் தட்டில், பெட்டிக்குப் பக்கத்தில், காலை மடக்கிப் படுத்துக்கொண்டாள். சாமான் பேசக் கூடாது என்பதால் கையை மட்டும் கீழே தொங்கவிட்டாள். ஆவுடை அதைப் பிடித்துக்கொண்டாள். தென்காசிக்கு முந்தின கடையநல்லூர் தாண்டுகிறவரை விடவில்லை.