நாற்பதாவது நிமிஷம்

பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டும்போதே ஆரோக்கியராஜுக்குப் போன் வந்துவிட்டது.

"அண்ணே, மறுபடியும் போயிடுச்சி. அதே நாப்பதாவது நிமிஷம். அதே நீல ஸ்கிரீன்."

சத்யப்பிரியாவின் குரலில் அழுகை இல்லை. அழுது தீர்த்த பிறகு வரும் வறட்சி மட்டும்தான் இருந்தது.

"வந்துக்கிட்டேதான் இருக்கேன் மேடம். யாரும் கை வைக்காம அப்படியே உடுங்க."

"இன்னிக்கி அஞ்சு மணிண்ணே..."

"தெரியும் மேடம்."

தெரியாமல் என்ன? மூன்று வாரமாக அதுதானே அவன் தூக்கத்தைக் கெடுக்கிறது. கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்து மீன்குஞ்சுகளைப் பற்றி ஆறு வருட ஆராய்ச்சி. இரண்டு முறை அவகாசம் வாங்கியாகிவிட்டது. இன்று மாலை ஐந்துக்குள் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் சத்யப்பிரியாவின் பதிவே ரத்து. பாக்கி இருப்பது கடைசி அத்தியாயத்தின் வரைபடங்கள் மட்டும். அவற்றைப் போட்டுத் தர மென்பொருளுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். அந்த மென்பொருளின் உரிமமோ இந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் செல்லும்.

அந்தக் கம்ப்யூட்டர் நாற்பது நிமிஷத்துக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. அதை அசெம்பிள் செய்து கொடுத்தவன் கடலூர் செம்மண்டலத்தில் கடை வைத்திருக்கும் ஆரோக்கியராஜ்.

இது ஐந்தாவது நடை. முதல் நடையில் மெமரியைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்துப் போட்டான். ஒரு வாரம் ஓடியது, பிறகு படுத்தது. இரண்டாவதில் விண்டோஸ் புதிதாகப் போட்டான். மூன்றாவதில் பவர் சப்ளையை மாற்றினான். நான்காவதில் வெறுத்துப்போய் பெட்டியையே கடலூருக்குத் தூக்கிச் சென்று கடையில் இரண்டு நாள் ஓடவிட்டான். சமர்த்துப் பிள்ளையாக ஓடியது. திருப்பிக் கொண்டுவந்து சிதம்பரத்தில் வைத்த அன்று மாலையே விழுந்தது.

எங்கேயாவது உண்டா இந்த அநியாயம்? கடலூரில் ஓடும் கம்ப்யூட்டர் சிதம்பரத்தில் ஏன் சாக வேண்டும்?

வீட்டு வாசலில் இளவரசு நின்றுகொண்டிருந்தான். சத்யப்பிரியாவின் கணவன். வீட்டின் முன்பக்கமே அவனுடைய பைக் ஒர்க்‌ஷாப்.

"வாங்க பாஸ். எங்க வீட்டு ரேஷன் கார்டுல உங்க பேரையும் சேத்துடலாமான்னு பாக்குறேன்."

ஆரோக்கியராஜ் குடையை மடக்கினான்.

"டூப்ளிகேட் மெமரிய மாட்டி உட்டுட்டு எத்தினி நாளு இப்படி ஆட்டம் காட்டுவீங்க? நான் வண்டிக்கு டூப்ளிகேட் பிளக் போட்டா கஸ்டமர் என்னைச் சும்மா உடுவானா?"

"ஒரிஜினல்தான் பாஸ். வாரன்ட்டி கார்டு குடுத்திருக்கேன்."

"கார்டு ஓடுது. கம்ப்யூட்டர்தான் ஓடல."

இதையேதான் கூகுளில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து எழுதியும் வைத்திருந்தான். அதைப் படித்துவிட்டு மஞ்சக்குப்பத்திலிருந்து இரண்டு வாடிக்கையாளர்கள் ஆரோக்கியராஜிடமே விசாரித்துவிட்டார்கள்.

உள்ளே போனான். ஈரச் சுவர், ஈரத் தரை. வெளியே அடித்த மழை ஜன்னல் வழியாகவும் கொஞ்சம் வந்துகொண்டிருந்தது. மணி பத்தரை.

வழக்கமான கேள்விகளைக் கேட்டான். எத்தனை முறை வந்தாலும் அவற்றைக் கேட்காமல் ஸ்குரூ டிரைவரைத் தொடமாட்டான்.

"தண்ணி பட்டுச்சா?"

"இல்ல" என்றாள் சத்யப்பிரியா.

"கீழ விழுந்துச்சா?"

"இல்லண்ணே."

"வேற கடையில குடுத்தீங்களா?"

"உங்களையே சமாளிக்க முடியல, இதுல வேற கடையா?" என்றான் இளவரசு.

மெமரியைச் சோதிக்கும் மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து ஓடவிட்டான். கடையில் இதையேதான் விடிய விடிய ஓட்டினான், ஒரு பிழைகூட வரவில்லை. இங்கே ஆறே நிமிஷத்தில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள் இறங்கின. ஒன்று, பத்து, நானூறு.

"பாத்தீங்களா? மெமரிதான். நான் சொன்னேன்ல?" இளவரசுவின் முகத்தில் வெற்றி.

ஆரோக்கியராஜ் பையிலிருந்து சீல் பிரிக்காத புது மெமரியை எடுத்தான். எல்லார் கண் முன்னாலும் உறையைக் கிழித்து, பழைய இரண்டையும் கழற்றிவிட்டு, முதலாவது இருந்த அதே ஸ்லாட்டில் இதைச் சொருகினான்.

ஒன்பது நிமிஷம். சிவப்பு.

"இதுவும் டூப்ளிகேட்டா பாஸ்?" என்று கேட்டுவிட்டான் ஆரோக்கியராஜ். கேட்டது எரிச்சலிலா, பயத்திலா என்று அவனுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. புது மெமரியும் தப்பு என்றால் மதர்போர்டு போய்விட்டது என்று அர்த்தம். இன்றைக்குள் போர்டு வாங்கி மாட்டுவது நடக்காத காரியம்.

சத்யப்பிரியா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது.

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. போர்டில் நான்கு ஸ்லாட்டுகள். இரண்டு எப்போதும் காலி. அதே புது மெமரியைக் காலி ஸ்லாட்டில் மாட்டினான்.

பத்து நிமிஷம். இருபது. ஒரு சிவப்பு வரி இல்லை.

மறுபடி பழைய ஸ்லாட்டுக்கு மாற்றினான். சிவப்பு.

"டார்ச் குடுங்க!"

செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தான். ஸ்லாட்டின் ஒல்லியான வாய்க்குள், கம்பிகளுக்கு நடுவே, எறும்பு வரிசை மாதிரி ஏதோ கறுஞ்சிவப்பாகப் படிந்திருந்தது. துருவா? பல் குத்தும் குச்சியால் சுரண்டி உள்ளங்கையில் தட்டினான். ஈரமாகப் பிசுபிசுத்தது. முகர்ந்தான்.

சந்தன வாசனை.

நிமிர்ந்தான். "இதுக்குள்ள சந்தனமும் குங்குமமும் எப்படி வந்துச்சி?"

சத்யப்பிரியா கணவனைப் பார்த்தாள். இளவரசு ஜன்னலைப் பார்த்தான்.

"ஆயுத பூஜைக்கு..." என்று இழுத்தான். "எல்லாத்தையும் கழட்டித் தொடச்சிதான வைக்கணும்? ஒர்க்‌ஷாப்புல ஒவ்வொரு ஸ்பேனருக்கும் வெச்சோம். அவ ஆயுதம் இதானே? மூடியத் தொறந்து ஏர் அடிச்சேன். அந்த ரெண்டு பட்டையையும் கழட்டி ஆளுக்கு ஒரு பொட்டு வெச்சிச் சொருகினேன்."

"எங்க வெச்சீங்க?"

"சிப்பு மேல வெச்சா சூடாயிடுமேன்னு பாத்துத்தான், அந்தப் பல்லு வரிசையில வெச்சேன்."

ஆரோக்கியராஜ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். எல்லாம் இப்போது விளங்கியது. சொருகும்போது பொட்டு வழிந்து ஸ்லாட்டுக்குள் போயிருக்கிறது. காய்ந்திருக்கும்வரை சாது. மழை ஈரம் ஏறினால் இளகி, கம்பிக்குக் கம்பி பாலம் போடுகிறது. கடலூர்க் கடையில் ஏ.சி. உண்டு, காய்ந்தே கிடந்தது. இங்கே நனைகிறது. வரைபட வேலை மெமரியை நிரப்ப நாற்பது நிமிஷம் ஆகும், அதனால்தான் சொல்லிவைத்த மாதிரி அந்த நேரத்தில் விழுகிறது.

"நாலு தடவை வந்தேனே பாஸ்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கவே இல்லையே! தண்ணி பட்டுச்சான்னீங்க, விழுந்துச்சான்னீங்க. சாமி கும்பிட்டீங்களான்னு கேட்டீங்களா?"

கத்தத்தான் வாயைத் திறந்தான். அப்போது பார்த்து அந்த முதல் நடை நினைவுக்கு வந்து தொலைத்தது. பற்களை ரப்பரால் தேய்த்தபோது மஞ்சளும் சிவப்புமாகத் தூள் உதிர்ந்தது. தூசி என்று வாயால் ஊதித் தள்ளிவிட்டு, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டவன் அவனேதான். வாயை மூடிக்கொண்டான்.

"சண்டைய நாளைக்கிப் போடுங்க" என்றாள் சத்யப்பிரியா. "இப்ப ஓடுமா, ஓடாதா?"

பழைய மெமரி இரண்டையும் தேய்த்துக் காலி ஸ்லாட்டுகளில் மாட்டினான். அரை மணி நேரச் சோதனை. சுத்தம். பன்னிரண்டு நாற்பதுக்கு வரைபட வேலையைத் தொடங்கினாள்.

பத்து நிமிஷம். இருபது. முப்பது. மழை வலுத்தது. யாரும் உட்காரவில்லை. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. இளவரசு கண்ணை மூடிக் கைகூப்பினான்.

"பாஸ், தயவு செஞ்சி இதுக்கு மேல கும்புடாதீங்க!"

நாற்பது. நாற்பத்தொன்று. மின்விசிறி இரைந்தது, திரை அசையவில்லை. சத்யப்பிரியா அப்போதுதான் மூச்சுவிட்டாள்.

இரண்டே முக்காலுக்கு வரைபடங்கள் வந்தன. நாலேகாலுக்கு அச்சும் பைண்டிங்கும் முடிந்தன. ஆய்வேட்டை இரண்டு பாலிதீன் பையில் சுற்றி மடியில் அணைத்தபடி அவள் பின்னால் ஏற, இளவரசு மழையில் வண்டியை விரட்டினான்.

ஆரோக்கியராஜ் கடலூர் பஸ்ஸில் ஈரச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பல்கலைக்கழக முத்திரை வைத்த ரசீது. நேரம் நாலு ஐம்பத்திரண்டு. கீழே இளவரசுவின் குரல் பதிவு.

"பாஸ், குடுத்தாச்சி. ரொம்பத் தேங்க்ஸ். ஆனா ஒண்ணு, எங்க ஸ்பேனருக்கெல்லாம்கூட வெச்சோம், அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க ஐட்டம்தான் கொஞ்சம் வீக்கு."

கூகுளைத் திறந்து பார்த்தான். இளவரசு கொடுத்த ஒற்றை நட்சத்திரம் மூன்றாகியிருந்தது.

மூன்று!

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் வேலைச் சீட்டுக் கட்டை எடுத்தான். 'தண்ணீர் பட்டதா? கீழே விழுந்ததா? வேறு கடையில் கொடுத்தீர்களா?' என்று அச்சடித்த மூன்று வரிகளுக்குக் கீழே, ஒவ்வொரு சீட்டிலும் பேனாவை அழுத்தி நான்காவதை எழுத ஆரம்பித்தான்.

'பூஜை போட்டீர்களா? எங்கே பொட்டு வைத்தீர்கள்?'